வெள்ளத்தில் காரும் வீடும் மூழ்கினால்: இன்சூரன்ஸில் எதற்குப் பணம் வரும், எதற்கு வராது

2023 டிசம்பர் 4 காலை. மிக்ஜாம் புயல் மழை இரவு முழுக்கக் கொட்டியதில், சென்னையை ஒட்டிய முடிச்சூரில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். வாசலில் நின்ற காருக்குள் சீட் வரை நீர் ஏறியிருந்தது. “ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கு, பார்த்துக்கலாம்” என்று வீட்டில் தைரியம் சொன்னேன். இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் வடிந்ததும் சாவியைப் போட்டு ஸ்டார்ட் செய்து பார்த்தேன். அந்த ஒரு முயற்சிக்கு நான் கொடுத்த விலை 1,48,000 ரூபாய்.

அப்புறம் மூன்று மாதம் சர்வீஸ் சென்டருக்கும் இன்சூரன்ஸ் அலுவலகத்துக்கும் அலைந்தபோதுதான் பாலிசியை வரி வரியாகப் படித்தேன். ‘ஃபுல் இன்சூரன்ஸ்’ என்று எந்தப் பாலிசியும் கிடையாது. அது ஏஜென்ட்டும் நாமும் பேசிப் பேசிப் பழகிய பெயர். உள்ளே எது உண்டு, எது இல்லை என்பது உங்கள் பாலிசித் தாளில் மட்டும்தான் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும் என்பதால், கீழே உள்ள முதல் நான்கு படிகளைச் செப்டம்பருக்குள் முடித்துவிடுங்கள்.

1. கார், பைக் பாலிசி எந்த வகை என்று பாருங்கள்

பாலிசியின் முதல் பக்கத்தில் பிரீமியம் கணக்கு இரண்டு கட்டமாக இருக்கும். ஒன்று ‘ஓன் டேமேஜ்’, அதாவது உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதம். மற்றொன்று ‘தேர்டு பார்ட்டி’, அதாவது உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் சேதம். சட்டப்படி கட்டாயம் தேர்டு பார்ட்டி மட்டும்தான். ஓன் டேமேஜ் கட்டத்தில் தொகை எதுவும் இல்லையென்றால், வெள்ளம், தீ, திருட்டு, மரம் விழுதல் எதற்குமே உங்கள் வண்டிக்கு ஒரு ரூபாய்கூட வராது.

இதில் நிறையப் பேர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 2018 செப்டம்பர் முதல், புதிய கார் வாங்கும்போது மூன்று ஆண்டுக்கும், பைக் வாங்கும்போது ஐந்து ஆண்டுக்கும் தேர்டு பார்ட்டியைச் சேர்த்தே எடுக்க வேண்டும். பாலிசியில் ‘2028 வரை’ என்ற தேதியைப் பார்த்துவிட்டு எல்லாமே அதுவரை செல்லும் என்று நினைத்துவிடுகிறோம். ஓன் டேமேஜ் பெரும்பாலும் ஓராண்டில் முடிந்திருக்கும். இரண்டுக்கும் தனித்தனியாகத் தேதி பாருங்கள்.

பழைய கார் வாங்கியவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஆர்.சி. உங்கள் பெயருக்கு மாறியும் இன்சூரன்ஸ் பழைய உரிமையாளர் பெயரிலேயே இருந்தால், தேர்டு பார்ட்டி செல்லும், ஓன் டேமேஜ் கிளைம் நிற்காது. வாங்கிய 14 நாளுக்குள் பாலிசியைப் பெயர் மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள். முன்பு இருந்தவரின் நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் கேட்காத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் சலுகை, உங்களுக்கு வராது, அந்த வித்தியாசத் தொகையைக் கட்ட வேண்டியிருக்கும். கட்டிவிடுங்கள்.

2. ஓன் டேமேஜ் இருந்தாலும் வராதவை

வெள்ளம், புயல், நிலநடுக்கம், நிலச்சரிவு, தீ, இடி, கலவரம், திருட்டு, விபத்து எல்லாம் சாதாரண ஓன் டேமேஜிலேயே அடங்கும். பக்கத்து வீட்டுச் சுவர் இடிந்து கார் மேல் விழுந்தாலும் அடங்கும்.

அடங்காதவற்றில் முதலாவது தேய்மானமும் இயந்திரக் கோளாறும். கிளட்ச் தேய்ந்துபோனது, கியர்பாக்ஸ் தானாகப் பழுதானது போன்றவை. லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டியது, குடித்துவிட்டு ஓட்டியது, சொந்த உபயோகத்துக்கான வெள்ளை நம்பர் பிளேட் வண்டியை வாடகைக்கு ஓட்டியது இவையும் வராது. பின்னால் பொருத்திய கேஸ் கிட்டைப் பாலிசியில் எழுதிச் சேர்க்காமல் விட்டால் அதற்கும் வராது.

வெள்ளத்தில் ஆளை வீழ்த்துவது இன்னொரு விலக்கு: ‘தொடர் விளைவுச் சேதம்’. காருக்குள் தண்ணீர் புகுந்ததால் சீட்டும் கார்பெட்டும் வயரிங்கும் கெட்டால் அது வெள்ளச் சேதம், பணம் வரும். எஞ்சினுக்குள் தண்ணீர் இருக்கும்போது நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் உள்ளே கனெக்டிங் ராடு வளைந்தால் அது வெள்ளம் செய்த சேதம் இல்லை, ஸ்டார்ட் செய்ததன் விளைவு என்பது இன்சூரன்ஸ் நிறுவனத்தின் கணக்கு. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது பிஸ்டன் மேலே வந்தால் இரும்புதான் வளையும். எஞ்சினைக் கழற்றிப் பார்க்கும் சர்வேயருக்கு, அதாவது சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்புபவருக்கு, அது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். என் காரில் தெரிந்தது.

3. புதுப்பிக்கும்போது எதைக் கூடுதலாகச் சேர்ப்பது

இந்தக் கூடுதல் பாதுகாப்புகளைப் பெரும்பாலும் பாலிசி எடுக்கும்போதோ புதுப்பிக்கும்போதோதான் சேர்க்க முடியும். புயல் எச்சரிக்கை வந்த பிறகு போன் செய்து கேட்டால் இல்லை என்பார்கள்.

எஞ்சின் புரொடெக்ட்: தண்ணீர் புகுந்து எஞ்சின், கியர்பாக்ஸ் கெடுவதற்கு இதுதான் பாதுகாப்பு. போன முறை என் காருக்கு இதற்கு 1,400 ரூபாய் ஆனது. சென்னையில் தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் வேறு எதை விட்டாலும் இதை விடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் இதற்கும் நிபந்தனை உண்டு. தண்ணீர் புகுந்தது தெரிந்தும் வண்டியை இயக்கினால் மறுக்கலாம் என்று சில நிறுவனங்கள் எழுதியிருக்கின்றன. அந்தப் பத்தியைப் படித்துவிட்டு எடுங்கள்.

ஜீரோ டெப் என்கிற பம்பர் டு பம்பர்: பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் கொடுப்பது. இதில் எஞ்சின் புரொடெக்ட் தானாகச் சேராது. “பம்பர் டு பம்பர் போட்டிருக்கேன் சார், எல்லாம் கவர் ஆகும்” என்று ஏஜென்ட் சொன்னால், எஞ்சினுக்குத் தனி வரி எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். வருடத்துக்கு எத்தனை கிளைம் வரை என்பதையும் கேளுங்கள்.

ஆயில், கூலன்ட், நட்டு, போல்ட் போன்றவற்றுக்கான ‘கன்ஸ்யூமபிள்ஸ்’, கார் முழுசாகப் போனால் வாங்கிய விலையைத் தரும் ‘ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்’ எல்லாம் வண்டி புதிதாக இருந்தால் யோசிக்கலாம்.

ஐ.டி.வி. என்ற தொகையையும் பாருங்கள். கார் முழுசாகப் போனால் கிடைக்கும் உச்சத் தொகை அதுதான். பிரீமியம் குறையட்டும் என்று சிலர் இதைக் குறைத்துப் போட்டுக் கொடுப்பார்கள். ஆண்டுக்குச் சில நூறு ரூபாய் மிச்சமாகும், கார் போகும் நாளில் பல ஆயிரம் போகும்.

தேதியைத் தவற விடாதீர்கள். முடிவுத் தேதி நள்ளிரவு தாண்டினால் பாதுகாப்பு இல்லை. 90 நாள் அவகாசம் என்று சொல்வது நோ கிளைம் போனஸுக்கு மட்டும். இடையில் வெள்ளம் வந்தால் ஒன்றும் வராது. விட்டுப்போன பாலிசியைத் திரும்ப எடுக்க வண்டியை ஆய்வு செய்த பிறகே தருவார்கள்.

4. வீட்டுக்குப் பாலிசி இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள்

வீட்டுக் கடன் வாங்கியபோது வங்கியில் ‘இன்சூரன்ஸ்’ என்று ஒரு தொகையைக் கடனோடு சேர்த்துப் பிடித்தார்கள். வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது என்று ஆறு ஆண்டாக நினைத்திருந்தேன். வெள்ளத்துக்குப் பிறகு எடுத்துப் பார்த்தால், அது நான் இறந்தால் கடனை அடைக்கும் ஆயுள் பாலிசி. கட்டடத்துக்கு ஒன்றும் இல்லை. உங்கள் கடன் கோப்பை இன்றே எடுத்துப் பாருங்கள். கட்டடத்துக்கான பாலிசி இருந்தாலும் அதன் முடிவுத் தேதியையும், அதில் வீட்டுப் பொருட்கள் சேர்ந்திருக்கின்றனவா என்பதையும் பாருங்கள்.

2021 ஏப்ரல் முதல் ‘பாரத் கிருஹ ரக்‌ஷா’ என்ற பெயரில் ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியைப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் விற்கின்றன. யாரிடம் வாங்கினாலும் அடிப்படை ஒன்றே. தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், நிலச்சரிவு, கலவரம், மரமோ வாகனமோ வந்து மோதுவது, தண்ணீர்த் தொட்டி வெடிப்பது எல்லாம் இதில் உண்டு.

எவ்வளவுக்கு எடுப்பது? இங்கே மனை விலையைச் சேர்க்காதீர்கள். நிலத்தை வெள்ளம் கொண்டுபோகாது. அதே வீட்டை இன்று திரும்பக் கட்ட என்ன ஆகும் என்பதுதான் கணக்கு. 900 சதுர அடி, சதுர அடிக்கு 2,300 ரூபாய் என்றால் 20,70,000 ரூபாய். அதில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, வீட்டுப் பொருட்களுக்குத் தானாகச் சேரும். பட்டியல் கொடுக்கத் தேவையில்லை. மேற்படி வீட்டில் அது 4,14,000 ரூபாய். இதற்கு நான் கட்டும் ஆண்டு பிரீமியம் வரியோடு 2,000 ரூபாய்க்குள்தான்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் பொருட்களுக்கு மட்டும் இதே பாலிசியை எடுக்கலாம். கட்டடம் வீட்டுக்காரர் பொறுப்பு. உங்கள் கட்டிலும் வாஷிங் மெஷினும் அவருடைய பாலிசியில் வராது.

5. வீட்டுப் பாலிசியில் நழுவிப்போகும் இடங்கள்

ரொக்கம், பத்திரங்கள், ஆவணங்கள் வராது. வாசலில் நிற்கும் வண்டியும் வீட்டுப் பொருளாகக் கணக்கில் வராது. நகைக்கு மதிப்பைக் காட்டித் தனியாகச் சேர்க்க வேண்டும்.

சாதாரணத் திருட்டுக்கு இதில் இடமில்லை, அதற்குத் தனிப் பாலிசி வேண்டும். ஆனால் வெள்ளம் போன்ற பாலிசியில் அடங்கும் சம்பவம் நடந்து ஏழு நாளுக்குள், அதைத் தொடர்ந்து வீட்டில் திருடு போனால் அது இதிலேயே அடங்கும். வெள்ளத்துக்குப் பயந்து உறவினர் வீட்டுக்குப் போனவர்களுக்கு இது பெரிய விஷயம். உடனே போலீஸில் புகார் கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள்.

சுவரில் நாள்பட்டு ஊறும் ஈரம், புது வீடு அமர்ந்து விடும் விரிசல், கட்டுமானக் குறை இவை வராது. அதனால் மழைக்கு முன்பே ஒவ்வொரு சுவரையும் மொபைலில் வீடியோ எடுத்து வையுங்கள். வெள்ளத்தில் வந்த விரிசலைப் பழைய விரிசல் என்று யாரும் சொல்ல முடியாது.

மின் சாதனம் பற்றிய விலக்கைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஃபிரிட்ஜ் வெள்ளநீரில் மூழ்கிக் கெட்டால் பணம் உண்டு. தண்ணீர் வடிந்து மின்சாரம் வந்ததும், அதை உலர்த்தாமல் சுவிட்ச் போட்டு ஷார்ட் சர்க்யூட் ஆனால் அந்த ஃபிரிட்ஜுக்கு மறுக்க நிறுவனத்துக்கு வழி இருக்கிறது. அதிலிருந்து தீ பரவி மற்ற பொருள் எரிந்தால் அந்தப் பொருளுக்கு உண்டு. காரில் நான் செய்த அதே தவறு இது. எலக்ட்ரீஷியன் பார்க்கும்வரை எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள். உயிருக்கும் அதுதான் நல்லது.

6. தண்ணீர் வரும்போதும் வடிந்ததும்

மழை அறிவிப்பு வந்தால் வண்டியை மேட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். 2024 அக்டோபரில் வேளச்சேரி மக்கள் மேம்பாலத்தின் ஓரத்தில் வரிசையாகக் கார்களை நிறுத்தியதைப் பார்த்திருப்பீர்கள். போக்குவரத்துக்கு இடைஞ்சல் இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்துங்கள்.

மூழ்கிவிட்டால்:

சாவியைப் போடவே போடாதீர்கள். புஷ் ஸ்டார்ட் பட்டனும் அப்படியே. முடிந்தால் பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள். தள்ளி ஸ்டார்ட் செய்யலாம் என்று தெருவில் யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள்.

தண்ணீர் நிற்கும்போதே படம் எடுங்கள். நம்பர் பிளேட்டும் நீர்மட்டமும் ஒரே படத்தில் வர வேண்டும். வடிந்த பிறகு கதவிலும் சீட்டிலும் இருக்கும் சேற்றுக் கோட்டை எடுங்கள். வீட்டுக்குள் சுவரில் படிந்த நீர்க் கோட்டை, பக்கத்தில் அளவு நாடாவை வைத்து எடுங்கள். மூழ்கிய ஒவ்வொரு பொருளின் மாடல் எண் ஒட்டியிருக்கும் இடத்தையும் எடுங்கள்.

இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு அன்றே தகவல் சொல்லி கிளைம் எண் வாங்குங்கள். நெட்வொர்க் இல்லையென்றால் கிடைத்ததும் முதல் வேலை அது. போனில் சொன்னாலும் மின்னஞ்சலும் அனுப்புங்கள். தேதியோடு எழுத்தில் இருப்பதுதான் பின்னால் பேசும்.

சர்வேயர் பார்க்கும்வரை எதையும் தூக்கி எறியாதீர்கள். நாங்கள் நாற்றம் தாங்காமல் இரண்டு மெத்தையைத் தெருவில் போட்டோம். பாலிசி இருந்திருந்தாலும் அந்த இரண்டுக்கும் பணம் கேட்டிருக்க முடியாது. வைக்கவே முடியாதென்றால், படம் எடுத்து, ‘சுகாதாரக் காரணத்தால் அகற்றுகிறோம்’ என்று மின்னஞ்சல் போட்டுவிட்டு அகற்றுங்கள்.

காரை டோ வண்டியில் மட்டும் சர்வீஸ் சென்டருக்கு அனுப்புங்கள். தளத்தில் ஏற்றி எடுத்துச் செல்லும் வண்டியாக இருக்கட்டும். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பாலிசியில் ரோடு சைடு அசிஸ்டன்ஸ் இருந்தால் முதலில் அந்த எண்ணை அழையுங்கள். வெள்ளத்தின்போது வெளியில் டோ வண்டிக்கு வாய்க்கு வந்ததைக் கேட்பார்கள்.

7. தயாராக வைக்க வேண்டிய காகிதங்கள்

காருக்கு: கிளைம் படிவம், பாலிசி நகல், ஆர்.சி., ஓட்டுநர் லைசென்ஸ், ஆதார், பான், கேன்சல் செய்த செக், சர்வீஸ் சென்டர் எஸ்டிமேட், பின்னர் பில். வெள்ளச் சேதத்துக்கு எஃப்.ஐ.ஆர். பொதுவாகத் தேவையில்லை. திருட்டுக்கும், ஆள் காயம்பட்ட விபத்துக்கும் கட்டாயம் வேண்டும்.

வீட்டுக்கு: கிளைம் படிவம், பாலிசி, அடையாளச் சான்று, வரி ரசீது அல்லது வாடகை ஒப்பந்தம், சேதமான பொருட்களின் பட்டியல், கிடைக்கும் பில்கள், கொத்தனார் அல்லது பொறியாளர் தரும் மதிப்பீடு, படங்கள். தீ விபத்தென்றால் தீயணைப்புத் துறை அறிக்கை. பில் இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். ஆன்லைனில் வாங்கியதற்குப் பழைய ஆர்டரிலும், கடையில் வாங்கியதற்கு வங்கிக் கணக்கிலும் தடயம் இருக்கும். இவை எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து மின்னஞ்சலிலேயே சேமித்துவிடுங்கள். எங்கள் கோப்புகள் இருந்த பீரோவின் கீழ்த்தட்டுதான் முதலில் நனைந்தது.

8. சர்வேயர் வரும் நாள்

கார் சேதம் 50,000 ரூபாயும், வீடு போன்ற மற்றவற்றில் ஒரு லட்சமும் தாண்டினால் உரிமம் பெற்ற சர்வேயர் பார்க்க வேண்டும். இன்சூரன்ஸ் துறையை ஒழுங்குபடுத்தும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024இல் வெளியிட்ட விதிகளின்படி, தகவல் சொன்ன 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும், 15 நாளில் அவர் அறிக்கை தர வேண்டும், அறிக்கை வந்து 7 நாளில் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். பெரிய வெள்ளத்தில் சர்வீஸ் சென்டர் வாசலில் நூறு கார் நிற்கும், தாமதம் ஆகும். ஆனாலும் இந்த நாள் கணக்கைச் சொல்லி வாரம் ஒரு மின்னஞ்சல் போடுங்கள்.

சர்வேயர் வரும்போது நேரில் இருங்கள். நீங்கள் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள், பொய் வேண்டாம். அவர் ஒப்புதல் தருமுன் சர்வீஸ் சென்டரை வேலை தொடங்க விடாதீர்கள். எஞ்சினைக் கழற்றச் சொன்னால், கிளைம் மறுக்கப்பட்டால் கழற்றிய கூலியை யார் தருவது என்று எழுத்தில் கேளுங்கள்.

9. பணத்தைக் கணக்கிடும் விதம்

ஜீரோ டெப் இல்லாத பாலிசியில் ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரிக்கு 50 சதவீதம் கழிப்பார்கள். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. மற்ற பாகங்களுக்கு வண்டியின் வயதுப்படி: ஓராண்டு தாண்டி இரண்டு வரை 10, மூன்று வரை 15, நான்கு வரை 25, ஐந்து வரை 35, பத்து வரை 40 சதவீதம்.

என் கார் வாங்கி மூன்றரை ஆண்டு ஆகியிருந்தது. எஞ்சின் தவிர்த்த பில் ஒரு லட்சம். அதில் வயரிங் உள்ளிட்ட பாகங்கள் 40,000, கழிவு போக 30,000. பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி 36,000, கழிவு போக 18,000. கூலி 24,000, முழுதாக. மொத்தம் 72,000. இதில் ஒவ்வொரு கிளைமிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000 ரூபாய் (1500 சி.சி.க்கு மேல் உள்ள கார்களுக்கு 2,000). கைக்கு வந்தது 71,000.

முதலில் இதைவிடக் குறைவாகத்தான் கொடுத்தார்கள். 22,000 ரூபாய் வயரிங்கைப் பிளாஸ்டிக் கணக்கில் சேர்த்து 50 சதவீதம் கழித்திருந்தார்கள். கழிவு அட்டவணையை இணைத்து மின்னஞ்சல் போட்டேன், 5,500 ரூபாய் திரும்ப வந்தது. சர்வேயர் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி வரி வரியாகச் சரிபாருங்கள். வாங்குவது உங்கள் உரிமை.

பழுது பார்க்கும் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் ‘டோட்டல் லாஸ்’, அதாவது கார் முழுசாகப் போனதாகக் கணக்கு. அப்போது அசல் ஆர்.சி., இரண்டு சாவி, உரிமை மாற்றத்துக்காகக் கையெழுத்திட்ட படிவம் 28, 29, 30 கேட்பார்கள். கடன் இருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபனை இல்லைச் சான்று), ஆர்.சி.யில் கடன் பதிவை நீக்கும் படிவம் 35உம் வேண்டும். பணம் முதலில் கடனுக்குப் போகும், மீதிதான் உங்களுக்கு. பழைய வண்டியை எடுப்பவர் பெயருக்கு ஆர்.சி. மாறியதா என்று ஆர்.டி.ஓ.வில் உறுதி செய்யாமல் விடாதீர்கள். மாறாவிட்டால் அந்த வண்டி நாளை எங்கே மோதினாலும் வழக்கு உங்கள் பெயருக்கு வரும்.

சின்னச் சேதமென்றால் கிளைம் செய்வதற்கு முன் நோ கிளைம் போனஸைப் பாருங்கள். ஓன் டேமேஜ் பிரீமியம் 9,000, உங்கள் போனஸ் 45 சதவீதம் என்றால், ஒரு கிளைமில் அடுத்த ஆண்டு 4,050 ரூபாய் சலுகை போய்விடும். அதன் பிறகும் 20 சதவீதத்திலிருந்து ஏறி வர வேண்டும். 5,000 ரூபாய் பம்பருக்கு அது நட்டம்.

10. மறுத்தால் அல்லது இழுத்தடித்தால்

மறுப்பை எழுத்தில், எந்த விலக்கின் கீழ் என்ற குறிப்போடு கேளுங்கள். ஒரு காகிதம் இல்லை என்பதற்காக மட்டும் கிளைமை மறுக்கக் கூடாது என்று 2024 விதி சொல்கிறது. போனில் “வராது சார்” என்று சொல்வது மறுப்பு ஆகாது.

முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். பதில் இரண்டு வாரத்தில் வர வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் ‘பீமா பரோசா’ தளத்தில் பதியலாம், 155255 என்ற எண்ணிலும் சொல்லலாம்.

அடுத்தது இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரி, காரைக்காலுக்கும் அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில், அண்ணா சாலையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். நிறுவனத்துக்குப் புகார் அனுப்பி ஒரு மாதம் பதில் இல்லையென்றாலோ, பதில் வந்தும் உங்களுக்கு ஒப்புதல் இல்லையென்றாலோ போகலாம். மறுப்பு வந்த ஓராண்டுக்குள் போக வேண்டும். ஏற்கெனவே நுகர்வோர் ஆணையத்திலோ நீதிமன்றத்திலோ வழக்குப் போட்டிருந்தால் இங்கே எடுக்க மாட்டார்கள், எனவே எந்த வழி என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். மனுவோடு பாலிசி, மறுப்புக் கடிதம், சர்வேயர் அறிக்கை, தேதி வரிசையில் உங்கள் மின்னஞ்சல்கள், தண்ணீர் நின்ற படங்கள் ஆகியவற்றை இணைத்து, எவ்வளவு தொகை வர வேண்டும் என்பதை ஒரே வரியில் மேலே எழுதிவிடுங்கள்.